சிரிக்காமல் நின்ற சென்னம்மாள்

சென்னம்மாளுக்குச் சிரிப்பு ஒரு வியாதி. சிரிப்பு யாருக்குத்தான் வராது என்று கேட்கலாம். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இடத்தில் இவள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். நாலு பேர் கையைக் கட்டி, முகத்தை இறுக்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றால் போதும், இவள் அடிவயிற்றில் ஏதோ ஒன்று குறுகுறுவென்று கிளம்பிவிடும். பல்லைக் கடிப்பாள். தொடையைக் கிள்ளிக்கொள்வாள். செத்துப்போன பெரியப்பாவை நினைத்துக்கொள்வாள். அந்தப் பெரியப்பா சாவிலேயே சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டது உடனே ஞாபகத்துக்கு வரும். அத்தோடு சரி, அணை உடைந்துவிடும்.

பிறந்தது அஞ்செட்டிக்கும் மேலே ஒரு மலைக் கிராமம். பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் நடைதான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினம் வந்தாலும் குடியரசு தினம் வந்தாலும் வாத்தியார்கள் முதலில் செய்கிற காரியம், சென்னம்மாளைத் தேடிப் பிடித்துக் கடைசி வரிசைக்கும் பின்னால், புளியமரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது. தலைமை ஆசிரியர் விறைப்பாக சல்யூட் அடிக்கும்போது அவருடைய தொந்தி மட்டும் ஒரு வினாடி தாமதமாக வந்து நிற்கும். அதைப் பார்த்தால்தானே சிரிப்பு வரும் என்று வாத்தியார்கள் கணக்குப் போட்டார்கள். மரத்துக்குப் பின்னால் நின்று அதை நினைத்தாலே அவளுக்குப் போதும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொடி ஏறுவதை அவள் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. புளிய இலைகளுக்கு நடுவில் கொஞ்சம் காவியும் கொஞ்சம் பச்சையும் ஆடும், அவ்வளவுதான். மிட்டாயும் கடைசியில்தான் வந்து சேரும், சில வருஷம் அதுவும் இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் கதை இன்னும் மோசம். முதலில் வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் பாதிக் காபியோடு எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவன் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். அதே கம்பெனியில் வேலை பார்த்த இவளுடைய தாய்மாமன் முனிவேல்தான் அழைத்து வந்தார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, வெளிறிப்போன முகத்தோடு உட்கார்ந்து, தட்டிலிருந்த எள்ளுருண்டையை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டு, "பிள்ள அடக்கமா இருக்குமா?" என்று கேட்க வாயைத் திறந்தார். எள்ளுருண்டை கையோடு வந்தது. மேல் வரிசைப் பல்செட்டும் அதோடு வந்தது.

சென்னம்மாள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவும் போச்சு என்று அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. அது சென்னம்மாளுடையது இல்லை. மாப்பிள்ளை சுடலைமுத்து தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாயில் சாய்ந்துவிட்டிருந்தான். அந்த இடத்திலேயே தாம்பூலம் மாற்றினார்கள். சித்தப்பா மட்டும் கல்யாணத்துக்கு வரவில்லை.

இப்படித்தான் சென்னம்மாள் ஓசூருக்கு வந்தாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தாள். மோட்டார் சைக்கிளுக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற வயர்களைச் சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. கட்டுவதற்கு நூலோ கயிறோ கிடையாது. 'டை' என்று ஒன்று உண்டு. மெல்லிசான பிளாஸ்டிக் வார். ஒரு முனையை மறுமுனையின் ஓட்டைக்குள் விட்டு இழுத்தால் கர்ர்ரென்று பல் பல்லாகக் கடித்துக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போனது போனதுதான், திரும்பி வராது. மிச்ச வாலைக் கட்டரால் நறுக்கிவிட வேண்டும். நாளெல்லாம் இதே வேலை. சேர், கட்டு, இழு, நறுக்கு. பக்கத்து மேஜை சக்தியோடு மாமியார் கதை பேசிக்கொண்டே, கண் எங்கேயோ இருக்க, சென்னம்மாளின் கை தன் பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும். அவள் கட்டிய டை அவிழ்ந்தது என்று எந்த வாடிக்கையாளரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆரஞ்சு தொப்பி. லைனில் வேலை செய்கிறவர்களுக்கு நீலத் தொப்பி, லைன் லீடருக்கு ஆரஞ்சு. அவளோடு சேர்ந்தவர்களும் அவளிடம் வேலை கற்றவர்களும் ஆரஞ்சுக்குப் போய்விட்டார்கள். இவள் பேர் இரண்டு முறை போய், இரண்டு முறையும் எச்.ஆர். மேனேஜர் ஸ்ரீராமின் மேஜையிலேயே விழுந்துவிட்டது.

ஸ்ரீராம் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிறந்த குழந்தையைக் காட்டினால்கூட "வாழ்த்துகள்" என்று நோட்டீஸ் போர்டு மாதிரி சொல்கிற மனிதர். போன வருஷம் பாதுகாப்பு தினத்தில் வெளியூர் வாடிக்கையாளர்கள் வந்திருந்தபோது நடந்ததுதான் வினை. எல்லாரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எப்போதும் கவனமாக இருப்பேன்" என்று உரக்கப் படித்த பாதுகாப்பு அதிகாரி ஒரு அடி பின்னால் வைத்து, தானே வைத்த எச்சரிக்கைக் கூம்பில் இடறி உட்கார்ந்தார். மற்றவர்கள் எல்லாம் கையை நீட்டியபடி கல்லாக நின்றார்கள். அந்த அமைதியில் சென்னம்மாளின் சிரிப்பு ஷெட்டின் ஒரு முனையில் மோதி மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது. மறுநாள் கையில் மெமோ கிடைத்தது.

"வேலையில உங்களைக் குறை சொல்லலைங்க" என்றார் ஸ்ரீராம். "சிரிப்பை அடக்க முடியாதவங்க ஒரு லைனை எப்படி அடக்குவாங்க? அதைச் சொல்லுங்க."

அவர் அதைக் கேட்கும்போது புருவத்தைத் தூக்கிய தினுசைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குடியரசு தினத்தில் பெரிய மனிதர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. எந்த லைனில் அந்த வருஷம் புகாரே வரவில்லையோ, அந்த லைனின் தொழிலாளி ஒருவர்தான் கொடியை விரிக்க வேண்டும். இந்த வருஷம் மூன்றாவது லைன். மூன்றாவது லைன் என்றால் சென்னம்மாள். தொழிற்சாலைக்கே தலைவரான பிளான்ட் ஹெட் அவள் பேரைச் சொன்னதும் ஸ்ரீராமுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு யோசித்து, அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மூணாவது லைனுக்கு லீடர் இடம் காலியாகுது. ஜனவரி இருபத்தாறு அன்னிக்குக் கொடியை விரிச்சு, தேசியகீதம் முடியற வரைக்கும் ஒழுங்கா நில்லுங்க. நின்னுட்டீங்கன்னா நானே உங்க பேரை எழுதறேன்."

"சிரிச்சிட்டா சார்?"

"இனிமே உங்க பேர் என் மேஜைக்கு வராது."

முந்தின நாள் ராத்திரி வீட்டில் சுடலைமுத்து ஒத்திகை நடத்தினான். லுங்கியை இறக்கிக் கட்டி, தலையில் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு, பிளான்ட் ஹெட் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சென்னம்மாள் சிரித்ததில் விக்கல் எடுத்துக்கொண்டது. பிறகு அழுதாள். நிஜமாகவே அழுதாள்.

"எனக்கு என்னாத்துக்கு இந்த சனியன் புடிச்ச சிரிப்பு? நாளைக்கும் சிரிச்சிட்டேன்னா அவ்ளோதான், நீலத் தொப்பியோடயே கெடந்து சாவணும்."

"அடக்காதட்டி" என்றான் சுடலைமுத்து. "அடக்க அடக்கத்தான் பீறிட்டுக்கிட்டு வரும். யார் மூஞ்சியையும் பாக்காத. மூஞ்சியப் பாத்தாத்தான ஒனக்குச் சிரிப்பு வருது? காலயே பாத்துக்கிட்டு நில்லு."

அது நல்ல யோசனையாகப் பட்டது.

விடிந்தது. ஓசூர்க் குளிர், மார்கழி போயும் போகாத குளிர். பனி மூடி, எதிர்த்த கம்பெனியின் வாசல்கூடத் தெரியவில்லை. சென்னம்மாள் கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, அதற்கு மேலே கம்பெனியின் நீலக் கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு உள்ளே வந்தால் கோட்டு போட வேண்டும் என்பது விதி. கோட்டின் இடது பையில் ஒரு கற்றை டை, வலது பையில் கட்டர். அது அப்படியே எப்போதும் இருக்கும். சாமி கும்பிடப் போனால்கூட அந்தப் பைகள் அப்படித்தான்.

கம்பத்தடியில் மேஜை போட்டுக் கொடியை மடித்துக்கொண்டிருந்தார் மெயின்டனன்ஸ் கோவிந்தப்பன். கெலமங்கலத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அவருக்குத் 'தல்லி', தெலுங்கில் தாயே என்று அர்த்தம். அவர் தோட்டத்தில் அந்த வருஷம் செண்டுமல்லி விளைந்து கொட்டியிருந்தது. பொங்கல் முடிந்ததும் சந்தையில் சீந்துவாரில்லை. தேசத்துக்காவது ஆகட்டும் என்று ஒரு மூட்டையையே கொண்டு வந்துவிட்டார். கொடிக்குள் ஒரு கைப்பிடி பூ வைப்பார்கள். இவர் அள்ளி அள்ளித் திணித்தார். மடிப்பு நிறைமாதக்காரி வயிறு மாதிரி ஆகி, இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் பிதுங்கியது.

"அண்ணா, போதுங்கண்ணா, கொடியா பூ மூட்டையா?"

"தேசத்துக்குன்னா கஞ்சத்தனம் ஆகாது தல்லி. நீ வா, ஒரு கை குடு. நான் கயித்த முடியறவரைக்கும் மடிப்பு அவுராம பாத்துக்க."

சென்னம்மாள் பிடித்துக்கொண்டாள். அவள் மனசு அங்கே இல்லை. யார் முகத்தையும் பார்க்காதே, காலைப் பார், யார் முகத்தையும் பார்க்காதே, காலைப் பார் என்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. கை பார்த்தது, கட்ட வேண்டிய கொத்து ஒன்று கையில் இருக்கிறது, பிதுங்குகிறது. இடது பைக்குள் போனது. ஒரு டையை எடுத்தது. சுற்றியது. கர்ர்ர். வலது பையிலிருந்து கட்டரை எடுத்து வாலை நறுக்கியது. திரும்பப் பைக்குள் போட்டது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

"நல்லா புடிச்சிருக்கியே, அசையல" என்று மெச்சிக்கொண்டே கோவிந்தப்பன் அதற்கு மேலே சுருக்கு முடிச்சைப் போட்டார். ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு, வருஷா வருஷம் போடுகிற முடிச்சு. துணி மடிப்புக்குள் பதுங்கியிருந்த டை அவர் கண்ணில் படவில்லை. சென்னம்மாளுக்கோ தான் கட்டியதே தெரியாது. மூட்டை மெல்ல மெல்லக் கம்பத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. தொழிலாளிகள் லைன் லைனாக நின்றார்கள். குடும்பத்தார் ஒரு பக்கம், அதில் சுடலைமுத்து நடுவில் நின்று கண்ணாலேயே தைரியம் சொன்னான். முன்னால் பிளான்ட் ஹெட், வழுக்கைத் தலை பளபளக்க. அவருக்குப் பக்கத்தில் ஸ்ரீராம், கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் மாதிரி. சென்னம்மாள் யாரையும் பார்க்கவில்லை. தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

இழுத்தாள். முடிச்சு சமர்த்தாக அவிழ்ந்து, கயிறு சரசரவென்று இறங்கி வந்தது. எல்லாரும் சல்யூட் அடித்தார்கள்.

கொடி விரியவில்லை.

உச்சியில் ஒரு பலாப்பழம் காய்த்துத் தொங்குகிற மாதிரி மூட்டை அப்படியே இருந்தது. ஒரு பூ விழவில்லை. கையை நெற்றியில் வைத்தபடியே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சென்னம்மாள் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். அசையவில்லை. பயத்தில் பலம் கூடியது, தொங்காத குறையாக ஒரு சுண்டு சுண்டி இழுத்தாள். மேலே டங்கென்று ஒரு சத்தம். கயிறு கப்பியிலிருந்து தடம் மாறி இடுக்கில் போய் இறுகிக்கொண்டது. இனி மேலேயும் போகாது, கீழேயும் வராது.

"அய்யோ தேவ்ரே!" என்றார் கோவிந்தப்பன். கன்னடம் வந்துவிட்டது என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். "நான் போட்ட முடிச்சு அவுந்துடுச்சு சார்! கண்ணால பாத்தேன்! உள்ள வேற என்னமோ புடிச்சிக்கினு இருக்குது!"

அப்போதுதான் சென்னம்மாளின் வலது கைக்கு ஞாபகம் வந்தது. கட்டரின் அந்தச் சின்ன நறுக். அவள் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா" என்றாள் மெல்ல. "நான் டை போட்டுட்டேன் அண்ணா."

"டையா?"

"தெரியலீங்கண்ணா. கை போட்டுடுச்சு."

மெல்லச் சொன்னதுதான். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. மூன்றாவது லைனிலிருந்து சக்தி, சல்யூட் அடித்த கையை இறக்காமலே, ஒத்தாசையாக ஒரு குரல் கொடுத்தாள்.

"சார், அது எங்க லைன் டை சார்! இழுத்தாலெல்லாம் வராது! டெஸ்ட் பண்ணது!"

சென்னம்மாளின் அடிவயிற்றில் குறுகுறுத்தது. வந்துவிட்டது. அவள் பெருவிரலை முறைத்துப் பார்த்தாள். பெருவிரலில் மருதாணி, அதன் மேல் ஒரு எறும்பு, அந்த எறும்புகூட நின்று அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. ஸ்ரீராம் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பார்க்காமலே தெரிந்தது.

பிளான்ட் ஹெட் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "சரி. யார் விரிக்கணுமோ அவங்களே மேல போய் விரிக்கட்டும். லிஃப்டைக் கொண்டு வாங்க."

ஷெட்டின் கூரையில் விளக்கு மாற்றுவதற்கு ஒரு சிசர் லிஃப்ட் வைத்திருந்தார்கள். கத்திரிக்கோல் மாதிரி மடங்கி மடங்கி மேலே எழும்புகிற தட்டு. அது வேகமாக வராது. ஆமைக்குத் தங்கச்சி. பீப், பீப், பீப் என்று கத்திக்கொண்டு, தலையில் மஞ்சள் விளக்கு சுழல, ஷெட்டிலிருந்து கம்பம் வரைக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தை ஊர்கோலம் மாதிரி கடந்து வந்தது. அத்தனை பேரும் விறைப்பாக நின்று அதை வரவேற்றார்கள். அடுத்து பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்தார். கூம்பில் விழுந்த அதே அதிகாரி. உயரத்துக்குப் போவதானால் பெல்ட் கட்டாமல் விடமாட்டேன் என்றார். பட்டுப்புடவைக்கும் நீலக் கோட்டுக்கும் மேலே, தோளிலும் இடுப்பிலும் தொடையிலுமாகப் பாதுகாப்பு பெல்ட் ஏறியது. மல்லிகைப் பூ நசுங்க, மஞ்சள் ஹெல்மெட் ஏறியது. தன்னை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள். பார்த்திருக்கக் கூடாது. அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது எதுவோ கிளம்பிப் போகிற மாதிரி இருந்தது. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தேவிட்டது. தும்மல் என்று காட்ட அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோவிந்தப்பன் கீழே இருந்து பொத்தானை அமுக்கினார். பீப், பீப். சென்னம்மாள் மேலே போனாள்.

முதலில் தலைகள் தெரிந்தன. பிறகு ஷெட்டின் கூரை. பிறகு அவள் அதுவரை பார்த்தேயிராத ஓசூர். பனிக்கு மேலே எட்டிப் பார்க்கிற சந்திரசூடேஸ்வரர் மலை. வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, கர்நாடகாவின் கட்டடங்கள், நடுவில் கோடு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கம்பெனி வளாகத்திலும் ஒரு கம்பம், ஒவ்வொரு கம்பத்தடியிலும் எறும்புப் புற்று மாதிரி ஒரு கூட்டம். சில கொடிகள் ஏற்கெனவே பறந்தன. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் தேசியகீதத்தின் நடுவில் இருந்தார்கள். அதற்கு அடுத்த கம்பெனி அப்போதுதான் முதல் வரியைப் பிடித்தது. எங்கோ ஒரு பள்ளிக்கூடம் கடைசி வரியில் கீச்சுக் குரலில் முடித்துக்கொண்டிருந்தது. ஒரே பாட்டை ஊரே ஆளுக்கொரு இடத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தது.

கொடி மூட்டை கைக்கு எட்டியது. மடிப்புக்குள் விரலை விட்டாள். இருந்தது அவளுடைய டை, இறுக்கமாக, வால் ஒட்ட நறுக்கி, குறை சொல்ல முடியாதபடி. கட்டரை வைத்து அழுத்தினாள்.

நறுக்.

கோவிந்தப்பனின் செண்டுமல்லி மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டியது. தூவியது என்று சொல்ல முடியாது. லாரியிலிருந்து ஜல்லி இறக்குகிற மாதிரி கொட்டியது. கீழே முன்வரிசை மஞ்சளாகிவிட்டது. கொடி ஒரு உதறு உதறி விரிந்து, காற்றில் வீசி, சென்னம்மாளின் கன்னத்தில் பளாரென்று ஒரு அறை விட்டது.

கீழே தேசியகீதம் தொடங்கிவிட்டது. லிஃப்டை இறக்க நேரமில்லை. அவள் அங்கேயே, அந்தத் தட்டின் மேலேயே விறைத்து நின்றாள்.

இப்போது வரும் என்று காத்திருந்தாள். வருவதற்கு என்ன குறை? தலையில் ஹெல்மெட், தொடையில் பெல்ட், மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு கூசுகிற ஒரு பூவிதழ். கொடி வந்து வந்து முகத்தில் மோதிப் போகிறது. பனியின் ஈரம் குளிர்ச்சியாக இருந்தது. காவி போய் வெள்ளை, வெள்ளை போய்ப் பச்சை, கண்ணுக்கு முன்னால் வேறெதுவும் இல்லை. புளிய இலைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்த அதே கொடி. எத்தனை வருஷம் மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இன்றைக்கு அதுவே வந்து கன்னத்தைத் தொடுகிறது. சிரிப்பைத் தேடிப் பார்த்தாள். இல்லை. வாய்விட்டுப் பாடினாள்.

கொடி ஒரு பக்கமாக விலகியபோது கீழே பார்த்தாள். எல்லாரும் கொடிக்கு நேராக விறைத்து நின்றார்கள். பிளான்ட் ஹெட்டின் வழுக்கைத் தலையின் நட்ட நடுவில் ஒரு முழுச் செண்டுமல்லி, யாரோ பார்த்துப் பார்த்து நட்டுவைத்த மாதிரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தேசியகீதம் முடியும்வரை அவர் கையைத் தூக்க முடியாது. அவர் அதோடேயே உணர்ச்சி பொங்கப் பாடிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் ஸ்ரீராம். கம்பம் மாதிரி நின்ற ஸ்ரீராம் ஆடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. உதடுகள் வாய்க்குள் போய்விட்டன. முகம் செம்பருத்தி மாதிரி சிவந்து, கண்ணில் தண்ணீர் கோத்து, கன்னத்தில் வழிந்தது. அவர் முதல் வரிசை, பின்னால் இருப்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். அந்த முகத்தை உலகத்தில் பார்க்க முடிந்தது ஒரே ஒரு ஆள்தான். அவர் தலையைத் தூக்கினார். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

பாவம், அவருக்கு இது பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டாள் சென்னம்மாள். தொடையைக் கிள்ளக்கூடத் தெரியவில்லை மனுஷனுக்கு. ஸ்ரீராம் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவள் மெல்லக் கண்ணை இறக்கித் தன் காலைக் காட்டினாள். காலைப் பாருங்க சார். அவர் புரிந்துகொண்டு தன் ஷூவைப் பார்த்தார். தோள் கொஞ்சம் அடங்கியது. கடைசி வரிவரைக்கும் இரண்டு பேரும் தாக்குப் பிடித்துவிட்டார்கள்.

பீப், பீப். லிஃப்ட் இறங்கியது. கைதட்டல் ஓயவில்லை. பிளான்ட் ஹெட் திரும்பிப் பார்த்தார், ஸ்ரீராமின் கன்னத்தில் ஈரம். அவர் தோளில் கை போட்டு நெகிழ்ந்து சொன்னார்.

"ஸ்ரீராம்! இவ்வளவு தேசபக்தியா உங்களுக்கு? அழுதுட்டீங்களே!"

ஸ்ரீராம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். சென்னம்மாளைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அவர் கதை கந்தல். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஆமாங்க சார். நானும் மேல இருந்து பாத்தேன். சாருக்கு ரொம்ப உருக்கம். பாட்டு பூரா உருகிக்கினே இருந்தாரு."

அவ்வளவுதான். காலையிலிருந்து மூட்டை கட்டி வைத்திருந்தது அவிழ்ந்துகொண்டது. சென்னம்மாள் சிரித்தாள். பெல்ட்டோடு குனிந்து, லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மைதானம் அதிரச் சிரித்தாள். ஸ்ரீராம் ஒரு வினாடி பார்த்தார். பிறகு அவரும் உடைந்தார். அவருக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது, குதிரை கனைப்பது மாதிரி இருந்தது. அதைக் கேட்டு மூன்றாவது லைன் சிரித்தது, பிறகு எல்லா லைனும். குடும்பத்தார் பக்கம் சுடலைமுத்து துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா? எதுக்கு இத்தனை சிரிப்பு?" என்றார் பிளான்ட் ஹெட்.

"சார், உங்க தலையில பூ."

பிளான்ட் ஹெட் தடவிப் பார்த்து எடுத்தார். பூவைப் பார்த்தார், ஸ்ரீராமைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"சரி, மூணாவது லைனுக்கு லீடர் யாருன்னு முடிவு பண்ணியாச்சா?"

"இவங்கதான் சார்" என்றார் ஸ்ரீராம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"பாட்டு பாடறப்ப சார். நின்னது அவங்க மட்டும்தான்."

வீட்டுக்கு வண்டியில் போகும்போது சென்னம்மாள் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டில் நசுங்கிய மல்லிகையை நீவிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் சுடலைமுத்து கேட்டான்.

"என்னட்டி, அங்கன மேல நின்னப்ப நெசமாவே சிரிப்பு வரலியா? எனக்குப் பயமாப் போச்சு, ஒனக்கு என்னமோ ஆயிட்டுன்னு."

"வரலீங்க. கொடி மொகத்துல வந்து பட்டுச்சு" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

இப்போது அவளுக்கு ஆரஞ்சு தொப்பி. சிரிப்பும் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு மெமோ வருவதில்லை. ஆகஸ்ட் பதினைந்து காலையில் கோவிந்தப்பன் கொடியை மடிக்க உட்கார்ந்தபோது உதவிக்குக் கை நீட்டிக்கொண்டு வந்தாள். அவர் கொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்.

"லீடரம்மா, மொதல்ல பைய காமி தல்லி."